மலையேறும் கடற்கரைக் குடும்பங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால், இம்முறை நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கொடைக்கானல் பயணச் செலவைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒரே மாதிரியான கடிதங்களை விலக்கிவிட்டு, கணக்கு வேறுபடும் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் பாம்பனில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். தடைக்காலத்தில்தான் அவருக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கும் அப்போதுதான் விடுமுறை. ஒன்பதாம் வகுப்பு மகள், நான்காம் வகுப்பு மகன், மாமியார் என்று நாங்கள் ஐந்து பேர். சீட்டு முடிந்து 24,000 ரூபாய் கையில் இருக்கிறது. கொடைக்கானலில் மூன்று நாள் இருந்து வர இது போதுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?
— பாம்பன் வாசகி

போதும். ஆனால் 24,000 ரூபாயை மூன்றால் வகுத்து, நாளைக்கு 8,000 என்று மனத்தில் பதித்துக்கொண்டு கிளம்பினால் போதாது. பயணக் கணக்கில் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இந்தச் சராசரியில்தான். உங்கள் கணவரைக் கேட்டுப் பாருங்கள்: படகு கரையை விட்டுக் கிளம்பும்முன் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் ஆகியவற்றின் செலவைத் தனியே எடுத்துவைத்த பிறகுதான் மற்றதைப் பற்றிப் பேசுவார்கள். மலைப் பயணத்திலும் முதலில் கழிக்கவேண்டியதைக் கழித்துவிட்டு, மிஞ்சியதைத்தான் நாள்களுக்குப் பிரிக்கவேண்டும்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் செலவில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கொடைக்கானலின் சீசனும் அதே ஏப்ரல், மே, ஜூன்தான். அதாவது நம் மக்களுக்கு வருமானம் நிற்கிற மாதங்களில்தான் அந்த ஊரில் அறை வாடகை உச்சத்துக்கு ஏறுகிறது. இந்த முரணைத் தவிர்க்க வழியில்லை, ஆனால் அதன் ஓரத்தில் நடக்கலாம். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாத நாள்களையும், எல்லா மே மாதச் சனி, ஞாயிறுகளையும் விட்டுவிடுங்கள். தடைக்காலம் தொடங்கி, பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வும் முடிந்த ஏப்ரல் கடைசி வாரத்தில், திங்கள் காலை கிளம்பிப் புதன் இரவு திரும்புவதாக வைத்துக்கொண்டால் கூட்டமும் குறையும், வாடகை பேசவும் இடம் இருக்கும். மகளுக்கு மலர்க் கண்காட்சி பார்க்க ஆசையிருந்தால் அதற்கான விலை அறை வாடகையில் சேர்ந்துவிடும் என்பதை அவளுக்கும் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்குப் புரியும்.

இனி தொகை. நான் போடும் எண்கள் உங்கள் 24,000 ரூபாய்க்குள் அடங்குவதற்கான வரம்புகள், விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளவேண்டாம். போகவர ஐந்து பேருக்குப் பேருந்துக் கட்டணமும் வழிச் சாப்பாடும் சேர்த்து 4,500 ரூபாயை முதலில் ஒதுக்குங்கள். அவசரத்துக்கென்று 3,000 ரூபாயை மாமியாரின் சுருக்குப் பையில் போட்டுவிடுங்கள். அதை வெளியே எடுப்பது எளிதல்ல என்பதே அதற்கான பாதுகாப்பு. மீதி 16,500 ரூபாய். மூன்று நாள் என்றாலும் இரவு இரண்டுதான். ஓர் இரவுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் போவதில்லை என்று வரம்பு வைத்தால் அறைக்கு 6,000. சுற்றிப்பார்க்க ஒரு நாள் வண்டிக்கு 3,000. சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 350 வீதம் மூன்று நாளைக்கு 5,250. மிஞ்சும் 2,250 ரூபாயில் நுழைவுச் சீட்டு, படகு, சைக்கிளுக்கு 1,250, வாங்கிவரும் பொருள்களுக்கு 1,000.

இதை நாள்வாரியாக எழுதிப் பார்த்தால்தான் சராசரியின் பொய் தெரியும். முதல் நாள் அறை, சாப்பாடு, ஏரிக்கரைச் செலவு 650 ரூபாய் சேர்த்து 5,400 ஆகிறது. இரண்டாம் நாள் வண்டியும் 600 ரூபாய்ச் சீட்டுகளும் சேர்வதால் 8,350 ஆகிவிடுகிறது. மூன்றாம் நாள் அறை வாடகை இல்லை. சாப்பாடும் கடைவீதியும் சேர்ந்து 2,750 மட்டுமே. மூன்றையும் கூட்டினால் அதே 16,500தான். நாளைக்கு 5,500 என்று எண்ணிக்கொண்டு போனவர், இரண்டாம் நாள் மாலை பணம் கரைந்ததைப் பார்த்துக் கலங்கிப்போய், மூன்றாம் நாள் பிள்ளைகளிடம் எரிந்து விழுவார். மூன்று உறைகளில் மூன்று தொகையாகப் பிரித்துக் கொண்டுபோவது பழைய முறைதான், ஆனால் கைப்பேசியில் பணம் செலுத்தும் இந்தக் காலத்திலும் அதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை.

செலவைக் குறிக்கும்போது எது தலைக்கு, எது அறைக்கு, எது வண்டிக்கு, எது மணிக்கு என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாடும் நுழைவுச் சீட்டும் தலைக்கு. அறை வாடகை அறைக்கு என்று பேசப்பட்டாலும், இருவருக்கான அறையில் மூன்றாவது ஆள் படுத்தால் கூடுதல் படுக்கைக்கு என்று தனிக் கட்டணம் வரும். உங்கள் ஐந்து பேருக்கு ஒரு குடும்ப அறையா, இரண்டு சிறிய அறையா என்பதை முன்பதிவுக்கு முன்பே தொலைபேசியில் கேட்டு, வரியும் சேர்த்தே தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். வண்டி முழு வண்டிக்கும் ஒரே கட்டணம், ஆனால் ஓட்டுநரைத் தவிர ஐந்து பேர் என்பதால் சிறிய கார் போதாது. எந்தெந்த இடங்கள், எத்தனை மணி வரை, நிறுத்துமிடக் கட்டணம் யாருடையது என்ற மூன்றையும் ஏறும்முன் பேசிவிடவேண்டும். தூண் பாறை, குணா குகை, பைன் காடு ஆகியவை ஒரே பக்கமாக இருப்பவை. பேரிஜம் ஏரிக்கு வனத்துறையின் அனுமதி தனியே வேண்டும், ஆகவே அதை உங்கள் மூன்று நாளில் சேர்க்கவேண்டாம். சுற்றிப்பார்ப்பதைக் காலையிலேயே தொடங்குங்கள். பிற்பகலில் மூடுபனி ஏறிவிட்டால் 400 அடி உயரத் தூண் பாறைகூட வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய்விடும், கொடுத்த சீட்டுப் பணம் பனியைப் பார்த்த கணக்கில் சேரும்.

மணிக்கணக்கில் ஓடுபவைதான் சத்தமில்லாமல் பையைக் காலி செய்பவை: சைக்கிள், குதிரை, படகு. நட்சத்திர வடிவிலான கொடைக்கானல் ஏரி 1863-இல் வீர் ஹென்றி லெவிஞ்சு என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் உருவானது. சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் என்பதால் காலை நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். பாம்பன் பிள்ளைகள் ஏரிப் படகுக்குக் காசு கொடுப்பதா என்று உங்கள் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும், ஆனால் மிதிபடகு ஒன்றில் அரை மணி நேரத்துக்கு எழுதிவையுங்கள். பிள்ளைகள் ஊருக்கு வந்து சொல்லப்போவது அதைத்தான்.

போகும் வழியிலும் ஒரு கணக்கு உண்டு. இராமேசுவரம் பக்கத்துப் பேருந்துகள் மதுரையில் மாட்டுத்தாவணிக்கு வருகின்றன. கொடைக்கானல் பேருந்துகள் ஆரப்பாளையத்திலிருந்து புறப்படுகின்றன. மூட்டைகளுடன் ஐந்து பேர் இரண்டு ஆட்டோ பிடித்தால் அது எழுதப்படாத செலவு. நகரப் பேருந்தில் போனால், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆகவே உங்கள் வீட்டில் மூவருக்குச் செலவே இல்லை. ரயிலில் வருவதென்றால் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு மறுபடியும் உங்கள் ஊரிலிருந்தே மதுரைக்கு வண்டி ஏறலாம். மதுரையிலிருந்து மலைக்கு நான்கு மணி நேரம் ஆகும். இரவோடு இரவாகப் போனால் ஓர் இரவு வாடகை மிச்சம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நானும் ஒருமுறை அப்படிப் போய், விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிரில் இறங்கி, ஒரு விடுதியில் மதியம்வரை அறை கிடையாது என்று சொல்லக் கேட்டு, பல் நடுங்கிய நிலையில் அரைநாள் வாடகையைக் கூடுதலாகக் கொடுத்துப் படுத்தேன். மிச்சம் பிடித்தது அரைநாள் வாடகை. அதோடு ஒரு வாரச் சளி. விடியற்காலையில் கிளம்பிப் பிற்பகலில் சேருவதே உங்கள் மாமியாருக்கும் நல்லது. மலைப்பாதையில் வயிறு புரட்டும் என்பதால் அன்று காலைச் சாப்பாடு இட்லியோடு நிற்கட்டும்.

பெருநாள் முடிந்து வாப்பா, உம்மா, அண்ணன் தம்பி குடும்பங்கள் என்று 14 பேர் வேனில் கொடைக்கானல் போக இருக்கிறோம். சமையலறை உள்ள வீடு எடுத்து நாங்களே சமைத்துக்கொண்டால் செலவு பாதியாகும் என்று அண்ணன் சொல்கிறார். சரியா?
— கீழக்கரை வாசகர்

பாதியாகாது, ஆனால் குறையும். 14 பேர் என்பது வண்டிக் கணக்கில் உங்களுக்குச் சாதகமான எண், ஏனெனில் வேன் வாடகை, டீசல், ஓட்டுநர் படி எல்லாம் 14 ஆகப் பிரிந்துவிடும். கீழக்கரையிலிருந்து மதுரை, வத்தலக்குண்டு வழியாக ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அந்த தூரத்தை வைத்து டீசல் கணக்குப் போடுபவர்கள், ஏற்றத்தில் வண்டி கூடுதலாகக் குடிக்கும் என்பதையும், மேலே சுற்றும் கிலோமீட்டரையும் விட்டுவிடுகிறார்கள். போகலூர், திருப்பாச்சேத்திச் சுங்கச்சாவடிகளோடு, கொடைக்கானல் நுழைவில் நகராட்சிக்குக் கட்டும் தொகையையும் சேருங்கள். ஓட்டுநருக்குப் படுக்க இடம் விடுதியில் உண்டா என்று கேட்டுவிடுங்கள். குளிரில் அவரை வண்டிக்குள் படுக்கவைத்துவிட்டு மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதை நான் சிக்கனமாகக் கருதமாட்டேன்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் செல்பவர்கள் இ-பாஸ் எடுக்கவேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில், சீசனுக்கென்று, கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அது கிடைக்காத நாளுக்கு அறை முன்பணம் கட்டியிருந்தால் அந்தப் பணம்தான் நட்டம். ஆகவே அன்றைய விதியைப் பார்த்து முதலில் இ-பாஸ், பிறகு அறை என்ற வரிசையை மாற்றாதீர்கள். அரசுப் பேருந்தில் போகும் பாம்பன் வாசகிக்கு இந்தத் தொல்லை இல்லை.

சமையலுக்கு வருவோம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, கீழக்கரையில் கொதிக்கும் தண்ணீரின் சூடு அதில் இல்லை. திறந்த பாத்திரத்தில் அரிசியும் கறியும் வேக நெடுநேரம் பிடிக்கும், பருப்பு கல்லாகவே கிடக்கும், எரிவாயு தீரும். 14 பேருக்கு நெய்ச்சோறு ஆக்குவதென்றால் பெரிய குக்கர் இரண்டையாவது எடுத்துச் செல்லுங்கள். எரிவாயு உருளையை மட்டும் வேனில் ஏற்றவேண்டாம், ஆபத்து. அந்த வீட்டிலேயே அடுப்பும் உருளையும் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை இது: காலையும் இரவும் நீங்கள் ஆக்குங்கள், மதியம் வெளியே சாப்பிடுங்கள். மூன்று வேளையும் ஆக்கினால் வீட்டுப் பெண்களுக்குக் கொடைக்கானல் என்பது வேறோர் ஊரின் அடுப்படியாக முடிந்துவிடும், அந்தச் செலவை உங்கள் அண்ணன் கணக்கில் எழுதவில்லை. மலையில் மளிகை விலை கூடுதல், ஆகவே அரிசி, எண்ணெய், மசாலா, நம் முண்டு மிளகாய் எல்லாவற்றையும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். காய்கறியை அங்கேயே வாங்குங்கள், கேரட்டும் பீன்ஸும் அன்றன்று பறித்தவையாகக் கிடைக்கும். தண்ணீருக்குச் சிறிய பிளாஸ்டிக் பாட்டில்கள் வாங்கி அடுக்காதீர்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை உண்டு. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. 14 பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் புட்டி கொடுத்துவிட்டால் அந்தச் செலவு இல்லை.

தனியாகப் போகிறேன். ஒரு நாளைக்கு 1,000 ரூபாயில் முடிக்க முடியுமா?
— சாயல்குடி வாசகர்

சாப்பாட்டையும் உள்ளூர்ப் பயணத்தையும் முடிக்கலாம், அறை சிரமம். தனியாகப் போகிறவருக்கு மலை ஊர்களில் ஓர் அநியாயம் உண்டு: அறைக்கும் வண்டிக்கும் உரிய முழுத் தொகையை அவர் ஒருவரே சுமக்கவேண்டும். ஆகவே அந்த இரண்டையும் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். படுக்கைக்கு மட்டும் கட்டணம் வாங்கும் பொதுக்கூட அறை எங்கே உண்டு என்று விசாரியுங்கள், சீசன் அல்லாத மாதங்களில் போங்கள். சுற்றிப்பார்க்கும் வண்டியை விட்டுவிட்டு, பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் போகும் அரசுப் பேருந்தில் ஏறுங்கள். படிக்கட்டு வயல்களும், குழந்தை வேலப்பர் கோயிலும், புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் பூம்பாறையில் பார்க்கக் கிடைக்கும். திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். அதைத் தவறவிட்டால் நீங்கள் மூன்று நாளில் மிச்சம் பிடித்ததை ஒரு ஜீப்காரரிடம் கொடுக்கவேண்டியிருக்கும். அந்தப் பக்கம் கைப்பேசித் தொடர்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, ஆகவே கையில் ரொக்கம் வையுங்கள். 1872-இல் கோக்கர் என்ற ஆங்கிலேயர் அமைத்த, ‘கோக்கர்ஸ் வாக்’ எனப்படும் மலையோர நடைபாதைக்கு நுழைவுச் சீட்டு மட்டும்தான், வண்டி வேண்டாம். வானம் தெளிவாக இருக்கும் காலையில் அங்கே நின்றால் கீழே சமவெளி விரிந்து கிடக்கும்.

மூன்று நாளைக்காக ஐந்து ஸ்வெட்டர் வாங்குவது வீண் செலவு அல்லவா?
— மண்டபம் வாசகி

வீண்தான். ஆனால் இல்லாமல் போவது அதைவிட மோசம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி மண்டபத்தில் 35 டிகிரி அடிக்கிற நாளில் கொடைக்கானலில் 21, 22 டிகிரி இருக்கும், அதுவும் பகலில். இரவில் இன்னும் இறங்கும். வாழ்நாள் முழுதும் உப்புக் காற்றில் வியர்த்துப் பழகிய உடம்புக்கு அது பெரிய மாற்றம். உறவினர்களிடம் கேட்டு வாங்குங்கள். நம் தெருக்களில் வெளிநாட்டிலோ பட்டாளத்திலோ இருந்து வந்தவர் வீட்டில் பெட்டிக்குள் ஒரு கம்பளிச் சட்டையாவது தூங்கிக்கொண்டிருக்கும். குரங்குக் குல்லாயும் காலுறையும் மட்டும் ஆளுக்கொன்று ஊரிலேயே வாங்கிவிடுங்கள். மேலே போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டே வாங்கினால் விலை பேச வாய் வராது. விடுதியில் வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகு வாளிக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்கள் உண்டு. சுக்கும் கருப்பட்டியும் கையோடு இருந்தால் மாலைக் காப்பிச் செலவில் பாதி குறையும்.

நானும் மனைவியும் ஓய்வூதியக்காரர்கள். எங்களுக்கு விடுமுறை என்று தனியே ஏதும் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் இரண்டில் எது, எப்போது?
— தொண்டி வாசகர்

விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்களுக்குத்தான் மலை ஊர்கள் மலிவு. ஆகஸ்டு, செப்டம்பரில் வாரநாள்களில் போங்கள். அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மண்சரிவில் பாதை அடைபட்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்கவேண்டி வரலாம், அந்த ஒரு நாள் செலவை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். நம் கரையிலிருந்து ஊட்டி என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று பயணமே இரண்டு நாளைத் தின்றுவிடும், ஆகவே நான்கு நாளுக்குக் குறைந்த பயணத்துக்குக் கொடைக்கானலே சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில், யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற அந்த வண்டியில், ஒருமுறையாவது போகவேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் ஊட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் இருக்கை கிடைத்த தேதியை வைத்தே மற்ற நாள்களை வகுக்கவேண்டும். ரயில்களில் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டதால் முழுக் கட்டணத்தையே எழுதிக்கொள்ளுங்கள். குறிஞ்சி பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பவேண்டாம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல்தான். அந்த ஆண்டுக்கு மட்டும் இப்போதே அஞ்சலகத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். ஏனெனில் அந்த ஆண்டு ஆகஸ்டும் செப்டம்பரும் மே மாதத்தைப் போலவே விலை சொல்லும்.